புரதம் போதும், லைசின் போதுமா? ஓடும் குதிரையின் தசையும் அமினோ அமில டப்பாக்களும்

(பந்தயம், போலோ, தடைதாண்டல், தூர ஓட்டம் என எந்த வகையில் உழைத்தாலும் குதிரைக்குத் தசைதான் மூலதனம். அந்தத் தசைக்கு அமினோ அமிலங்கள் எப்படி உதவுகின்றன, எங்கே உதவாது என்பதைப் பற்றிய உரையாடல் இது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கித் தொகுத்திருக்கிறோம்.)

தொகுப்பாளர்: சமீபமா நமக்கு வர்ற கேள்விகளில் ஒண்ணு மட்டும் விடாம வந்துக்கிட்டே இருக்கு. "குதிரைக்கு முதுகில் சதையே பிடிக்க மாட்டேங்குது, எந்த அமினோ பவுடர் வாங்கலாம்?" கடைக்குப் போனா ஒரு அலமாரி நிறைய டப்பா. எல்லாத்துலயும் பளபளன்னு ஒரு குதிரைப் படம். இன்னைக்கு இதைப் பற்றிப் பேச, குதிரைகளின் உணவை நன்றாக அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் நம்மோட இருக்காங்க.

மருத்துவர்: அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கிட்டு ஆரம்பிக்கலாம். "எந்தப் பவுடர்?" என்பது கடைசிக் கேள்வி. "இந்தக் குதிரைக்கு என்ன குறையுது?" என்பதுதான் முதல் கேள்வி. குறைவது லைசின் என்றால், அதைக் கொடுத்தா பலன் தெரியும். குறைவது வேற ஏதாவது என்றால், டப்பா காலியாகும், குதிரை அப்படியே நிற்கும்.

தசை எதனால் ஆனது?

தொகுப்பாளர்: அடிப்படையிலிருந்து வரலாம் டாக்டர். தசைக்கும் அமினோ அமிலத்துக்கும் என்ன உறவு?

மருத்துவர்: பெரும்பாலான பாலூட்டிகளின் உடல் எடையில் சுமார் 40 சதவீதம் தசை. தரோபிரெட் பந்தயக் குதிரையில் அது 50 சதவீதத்தைத் தாண்டும். 500 கிலோ குதிரை என்றால் பாதிக்கு மேல் தசை! அந்தத் தசையில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பகுதி புரதம். புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி.

தசை ஒரு தடவை கட்டி முடிச்ச சுவர் மாதிரி அப்படியே நிற்கிறது இல்ல. பழைய புரதம் உடைஞ்சுக்கிட்டே இருக்கும், புதுசு உருவாகிக்கிட்டே இருக்கும். கடுமையா ஓடின நாளில் உடைவது கூடும். அப்புறம் ஓய்வில், தீவனம் கிடைக்கும்போது, கட்டுவது கூடும். கட்டுவது உடைவதை விட அதிகமா இருந்தா சதை ஏறும். குறைவா இருந்தா கரையும். பயிற்சி என்பதே இந்தக் கணக்கை நமக்குச் சாதகமா வைச்சுக்கிறதுதான்.

இந்த 20-ல் பாதியைக் குதிரையின் உடம்பே தயாரிச்சுக்கும். மீதி ஒன்பது, பத்து அமினோ அமிலங்கள் தீவனத்தில் வந்தே ஆகணும். அவற்றைத்தான் அத்தியாவசிய அமினோ அமிலங்கள்னு சொல்றோம். லைசின், திரியோனின், மெத்தியோனின், லூசின், இதெல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

தொகுப்பாளர்: பேச்சுல எல்லாரும் லைசின், லைசின்னே சொல்றாங்களே. அதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை?

மருத்துவர்: பூக்கடையில கதம்பம் கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. நாலு மல்லி, ரெண்டு கனகாம்பரம், ஒரு கொத்து மரிக்கொழுந்து, மறுபடி நாலு மல்லின்னு வரிசை போகும். மரிக்கொழுந்து தீர்ந்துபோச்சுன்னா, கூடையில மல்லி குவிஞ்சு கிடந்தாலும் கதம்பம் அந்த இடத்தில நின்னுடும். புரதம் கட்டுறதும் அப்படித்தான். எந்த அமினோ அமிலம் முதல்ல தீருதோ, அதுவே எல்லையை முடிவு பண்ணும். புல்லும் தானியமும் தின்னும் குதிரைக்கு முதல்ல தீருவது பெரும்பாலும் லைசின். அடுத்தது திரியோனின். மெத்தியோனின் மூணாவதா இருக்கலாம்.

தொகுப்பாளர்: அப்போ மிஞ்சின மல்லி என்ன ஆகும்?

மருத்துவர்: நல்ல கேள்வி. உடம்பு அமினோ அமிலத்தைச் சேமிச்சு வைக்காது. மிஞ்சினதைப் பிரிச்சு, நைட்ரஜனை யூரியாவா மாத்தி, சிறுநீரில் வெளியே அனுப்பும். அதனால குதிரை அதிகமாத் தண்ணி குடிக்கும், அதிகமாச் சிறுநீர் கழிக்கும். லாயத்தில அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். அந்தக் காற்றைத்தான் குதிரை ராத்திரி முழுக்கச் சுவாசிக்குது, நுரையீரலுக்கு நல்லதில்ல. புரதத்தைப் பிரிக்கிற வேலையில வெப்பமும் கூடும். வெயில் காலத்தில் அதுவும் ஒரு சுமை. "புரதம் கூடினா சதை கூடும்" என்பது அதனால்தான் பாதி உண்மை.

மாட்டுக்குச் சரி, குதிரைக்கு?

தொகுப்பாளர்: மாடு வெறும் வைக்கோலைத் தின்னே சமாளிக்குதே. குதிரையும் புல் தின்னிதானே?

மருத்துவர்: மாட்டுக்கு நுண்ணுயிர்கள் இருக்கிற அறை முன்னாடி இருக்கு. அங்கே நுண்ணுயிர்கள் மட்டமான தீவனத்தையும் தின்னு பெருகும். அப்புறம் அந்த நுண்ணுயிர்களே சிறுகுடலுக்கு வந்து புரதமா ஜீரணமாகும். குதிரைக்கு அந்த அறை பின்னாடி, பெருங்குடலில் இருக்கு. அங்கே உருவாகும் நுண்ணுயிர்ப் புரதம் பெரும்பாலும் சாணத்தோடு போயிடும். அமினோ அமிலமா உறிஞ்சப்படுவது சிறுகுடலில்தான். அதனால தீவனத்தில எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கு, அது சிறுகுடலிலேயே ஜீரணமாகுமா என்பது குதிரைக்கு ரொம்ப முக்கியம்.

இங்க ஒரு நடைமுறை விஷயம். ஒரே வேளையில ரெண்டு ரெண்டரை கிலோவுக்கு மேல தானியம் போட்டா, சிறுகுடல் அதை முழுசா முடிக்காது. மாவுச்சத்து பெருங்குடலுக்கு வழிஞ்சு போய் அமிலமாகும். அங்கேதான் வயிற்று வலி, குளம்பு அழற்சி எல்லாம் தொடங்கும். சதை ஏறணும்னு தானியத்தை ஏத்துறவங்க இதை மறக்கக் கூடாது.

ஒரு நாள் தீவனத்தின் கணக்கு

தொகுப்பாளர்: எண்ணாகச் சொல்ல முடியுமா டாக்டர்? கேட்பவர்கள் நோட்டில் எழுதிக்கிற மாதிரி.

மருத்துவர்: அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2007-ல் வெளியிட்ட குதிரைத் தேவைப் பட்டியலை இன்னைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துறாங்க. 500 கிலோ குதிரை சும்மா நின்னா ஒரு நாளைக்கு 630 கிராம் புரதம், 27 கிராம் லைசின் வேணும். கடும் பயிற்சியில் இருந்தா புரதம் 862 கிராம், லைசின் சுமார் 37 கிராம். அதாவது தேவைப்படும் புரதத்தில் லைசின் 4.3 சதவீதம்.

இப்ப ஒரு லாயத்தில கடும் பயிற்சியில் இருக்கும் குதிரைக்கு 8 கிலோ காய்ந்த புல், 4 கிலோ ஓட்ஸ் போடுறாங்கன்னு வைச்சுக்குங்க. புல் சுமாரான தரம், 6 சதவீதம் புரதம். அதில் 480 கிராம் புரதம் வரும், லைசின் சுமார் 16 கிராம். ஓட்ஸ் 12 சதவீதம் புரதம். அதிலும் 480 கிராம் புரதம், லைசின் சுமார் 16 கிராம். மொத்தம் புரதம் 960 கிராம், லைசின் 32 கிராம்.

தொகுப்பாளர்: புரதம் தேவைக்கு மேல நூறு கிராம் இருக்கு. லைசின் அஞ்சு கிராம் குறையுது!

மருத்துவர்: அதேதான். இது தோராயக் கணக்கு. புல்லைச் சோதனைக்கு அனுப்பினா எண்கள் கொஞ்சம் மாறும். ஆனா மூட்டையில் இருக்கும் புரத சதவீதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தக் குறை கண்ணுக்கே படாது. "புரதம் நிறையக் கொடுக்கிறேன், சதை ஏறலை"ன்னு சொல்வார்.

தொகுப்பாளர்: அஞ்சு கிராமை எப்படி நிரப்புறது?

மருத்துவர்: மூணு வழி. ஒரு கிலோ காய்ந்த குதிரை மசால் சேர்த்தா சுமார் 8 கிராம் லைசின் கிடைக்கும். பேரிலேயே குதிரை இருக்கிற தீவனம் அது. அரைக் கிலோ சோயாப் புண்ணாக்கு சேர்த்தா சுமார் 14 கிராம். இல்லைன்னா தூய லைசின் பொடி. இந்த மூணில் எது உங்க ஊரில் நல்ல தரத்தில், நியாயமான விலைக்குக் கிடைக்குதோ அது போதும். குதிரையின் உடம்பு டப்பாவின் பெயரைப் பார்க்கிறதில்ல. எதைச் சேர்த்தாலும் ஒரே நாளில் மாத்தாம, பத்து நாள் எடுத்துக்கிட்டு மெல்ல ஏத்துங்க. குதிரை மசாலோ சோயாவோ சேர்க்கும்போது தானியத்தைக் கொஞ்சம் குறைச்சு, மொத்தக் கலோரி ஏறாமப் பார்த்துக்குங்க.

கொள்ளும் எள்ளும்

தொகுப்பாளர்: நம்ம ஊரில் குதிரைன்னா கொள்ளுதான். "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்"னு பழமொழியே இருக்கே.

மருத்துவர்: அந்தக் கொள்ளுக்குள்ள நல்ல அறிவு இருக்கு. கொள்ளு ஒரு பயறு. பயறு வகைகளில் லைசின் தாராளமா இருக்கும். தானியத்தில் லைசின் குறைவு. ரெண்டையும் சேர்த்துப் போட்டா ஒண்ணின் குறையை இன்னொண்ணு ஈடு கட்டும். நாம சாதத்துக்குப் பருப்பு ஊத்திக்கிற அதே கணக்கு.

ஆனா கொள்ளில் கந்தகம் உள்ள அமினோ அமிலமான மெத்தியோனின் குறைவு. எள்ளில் அது நிறைய இருக்கு, லைசின் குறைவு. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு மனுஷனுக்குச் சொல்வாங்க. குதிரைக்கு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணை. இன்னொண்ணு, பச்சைக் கொள்ளிலும் பச்சை சோயாவிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. ஊறவைச்சு வேகவைச்சுப் போடுற பழக்கம் சும்மா வந்ததில்ல. வெப்பம் அந்தத் தடையை உடைக்கும். வேகவைச்ச கொள்ளை அன்னைக்கே தீர்த்துடணும், புளிக்க விடக் கூடாது.

தொகுப்பாளர்: கடலைப் புண்ணாக்கு?

மருத்துவர்: அதைத்தான் அடுத்துச் சொல்ல நினைச்சேன். கடலைப் புண்ணாக்கிலும் சோயாப் புண்ணாக்கிலும் புரதம் கிட்டத்தட்ட ஒரே அளவு, 45 சதவீதம் பக்கம். ஆனா லைசின், கடலையில் சோயாவின் பாதி அளவுதான். மூட்டையில் ஒரே எண், உள்ளே வேறு சரக்கு. அதோட, ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வந்து அஃப்ளடாக்சின் நஞ்சு சேரும். அது ஈரலைத் தாக்கும். விலை குறைவுன்னு வாங்கி, மழைக்காலத்தில் மூட்டையோட தரையில் வைச்சா ஆபத்து.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

தொகுப்பாளர்: லைசின் கொடுத்தா சதை ஏறும்னு குதிரையிலேயே சோதிச்சுப் பார்த்திருக்காங்களா?

மருத்துவர்: பார்த்திருக்காங்க. கிரஹாம் தியர்ஸும் கிரான்ஃபெல்டும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. 16 குதிரைகள், இளசும் உண்டு, வயதானதும் உண்டு. ஒரு பகுதிக் குதிரைகளுக்கு வழக்கமான தீவனத்தோட தினமும் 20 கிராம் லைசினும் 15 கிராம் திரியோனினும் 14 வாரம் கொடுத்தாங்க. கொடுத்த குதிரைகளில் தசை மதிப்பீடு நல்லா இருந்தது. ரத்தத்தில் யூரியா குறைவா இருந்தது. அதாவது, உள்ளே வந்த புரதம் வீணாப் போகாம தசையில் சேர்ந்ததுன்னு புரிஞ்சுக்கலாம். குதிரைகளின் எண்ணிக்கை சின்னதுதான். ஆனா கதம்பக் கணக்கோட சரியாப் பொருந்துது.

நேரம் பற்றியும் ஒண்ணு. ஜப்பானில் தரோபிரெட்களை வைச்சுச் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. உடற்பயிற்சி முடிஞ்சதும் அமினோ அமிலமும் குளுக்கோஸும் சேர்த்து ரத்தக் குழாய் வழியா ஏத்தினாங்க. பின்னங்கால் தசையில் புரதம் கட்டுவது கூடினது. அதுக்காக நாம ஊசி போடணும்னு அர்த்தமில்ல. உடற்பயிற்சிக்கு அப்புறம் தசை தயாரா இருக்குன்னு அது காட்டுது. குதிரை ஆறி, தண்ணி குடிச்சு, மூச்சு சீரானதும் குதிரை மசால் அல்லது நல்ல புரதம் உள்ள தீவனம் முன்னால இருந்தா போதும்.

தொகுப்பாளர்: ஜிம் போறவங்க சொல்ற பி.சி.ஏ.ஏ., கிரியேட்டின்? அதெல்லாம் இப்ப குதிரை டப்பாவிலும் வருதே.

மருத்துவர்: தனித்தனியாப் பார்ப்போம். பி.சி.ஏ.ஏ. என்பது லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூணு கிளை அமினோ அமிலங்கள். இதில் லூசின், "கட்டலாம்"னு தசைக்குச் சமிக்ஞை கொடுக்கும். ஆனா சமிக்ஞை கிடைச்சும் மரிக்கொழுந்து இல்லைன்னா என்ன பண்றது? குதிரைகளில் செய்த ஓட்டச் சோதனைகளில் முடிவுகள் ஒத்துப்போகலை. சிலதில் சின்னப் பலன், சிலதில் ஒண்ணுமே இல்ல. லைசின் குறையை அடைக்காம இதில் பணம் போடுறது கூரை ஓட்டையை விட்டுட்டுச் சுவருக்கு வண்ணம் அடிக்கிற மாதிரி.

கிரியேட்டின் கதை சுவாரசியமானது. 1992-ல் மனிதர்களுக்குக் கிரியேட்டின் கொடுத்தா தசையில் அது சேரும்னு காட்டியவர்களில் ஒருவர் ரோஜர் ஹாரிஸ். அவரே பிறகு தரோபிரெட்களிலும் சோதிச்சார். குதிரைக் குடல் அதைச் சரியா உறிஞ்சலை, தசையிலும் கூடலை. மனுஷனுக்கு நடந்தது குதிரைக்கு நடக்கலை. மனுஷ ஜிம் டப்பாவைக் குதிரைக்குக் கொட்டாதீங்கன்னு சொல்ல இதை விட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

பீட்டா அலனின் கொஞ்சம் வேற. குதிரைத் தசையில் கார்னோசின் என்ற பொருள் மனிதரை விடப் பல மடங்கு அதிகம். வேகமா ஓடும்போது சேரும் அமிலத்தை அது தாங்கிக்கும். பீட்டா அலனினும் ஹிஸ்டிடினும் சேர்த்துக் கொடுத்தா வேக இழைகளில் கார்னோசின் கொஞ்சம் கூடுதுன்னு 1999-ல் டன்னட்டும் ஹாரிஸும் வெளியிட்டாங்க. அந்தக் கூடுதல் பந்தய நேரமா மாறுமா என்பது தனிக் கேள்வி. இயற்கையிலேயே நிறைஞ்சிருக்கிற பாத்திரத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊத்துறோம், அவ்வளவுதான்.

டப்பா தீர்க்காத பிரச்சினைகள்

தொகுப்பாளர்: சரி, லைசின் கணக்கெல்லாம் சரியா இருக்கு. அப்பவும் முதுகு ஒட்டிக் கிடக்கு. அப்ப என்ன?

மருத்துவர்: அப்ப தீவனத் தொட்டியை விட்டுட்டுக் குதிரையைப் பார்க்கணும். முதல்ல சேணம். தோள் பின்னால அழுத்துற சேணம் இருந்தா அந்த இடத்தில் சதை குழிஞ்சு போகும். எந்தப் பவுடரும் அதை நிரப்பாது. அடுத்து பல். கூர் பல் உறுத்தினா சரியா மெல்லாது. அடுத்து குடல் புழு. அடுத்து கால், முதுகு வலி. வலி இருக்கிற குதிரை முதுகைத் தூக்கி உழைக்காது. உழைக்காத தசை வளராது. வயது 15-ஐத் தாண்டி, ரோமம் உதிராம நீளமா வளர்ந்து, சதை கரைஞ்சா, பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறுக்கான ரத்தப் பரிசோதனை செய்யணும்.

அப்புறம் மொத்தக் கலோரியே போதலைன்னா, உடம்பு தசையை எரிச்சு எரிபொருளாக்கும். விலா எலும்பு தெரியும் குதிரைக்கு அமினோ பவுடர் கொடுப்பது, அடுப்பெரிக்க நாற்காலியை உடைச்சுக்கிட்டே புது நாற்காலி செய்ய மரம் வாங்குற மாதிரி. முதல்ல நல்ல புல், போதுமான அளவு.

தொகுப்பாளர்: தசை இறுகி நின்னுடுதே, 'டையிங் அப்'னு சொல்வாங்க. அதுக்கும் அமினோ டப்பா விற்கிறாங்க.

மருத்துவர்: இங்கதான் நான் கொஞ்சம் கண்டிப்பாப் பேசுவேன். ஓட்டத்துக்கு நடுவிலோ முடிஞ்சதுமோ குதிரை வியர்த்து, பின்பக்கம் கல்லு மாதிரி இறுகி, நடக்க மறுத்தா, அது அவசர நிலை. சிறுநீர் காபி நிறத்தில் வந்தா தசை உடைஞ்சு மயோகுளோபின் சிறுநீரகத்துக்குப் போகுதுன்னு அர்த்தம். நடக்க வைக்காதீங்க. இருக்கிற இடத்திலேயே நிறுத்துங்க, நிழல் கொடுங்க, தண்ணி வையுங்க, மருத்துவரைக் கூப்பிடுங்க. நீங்களா வலி மருந்து கொடுக்காதீங்க. உடம்பில் நீர் குறைஞ்ச நேரத்தில் அந்த மருந்து சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். ரத்தத்தில் சி.கே., ஏ.எஸ்.டி. என்ற ரெண்டு நொதிகளைப் பார்த்தா எவ்வளவு தசை சேதம்னு தெரியும்.

திரும்பத் திரும்ப வந்தா, காரணம் ஒண்ணில்ல. தரோபிரெட்களில், குறிப்பா பதற்றமான இளம் பெண் குதிரைகளில் வருவது ஒரு வகை. குவார்ட்டர் குதிரைகளிலும் கனமான வண்டிக் குதிரைகளிலும் வருவது இன்னொரு வகை. அதில் தசையில் சர்க்கரை தப்பான முறையில் சேரும். அதுக்கான மரபணு மாற்றம் 2008-ல் கண்டுபிடிக்கப்பட்டது, இப்ப முடி வேரை அனுப்பியே சோதிக்கலாம். ரெண்டு வகைக்கும் அடிப்படை மருந்து தீவன மாற்றமும் ஒழுங்கான வேலையும்தான். மாவுச்சத்தைக் குறைச்சு, தேவையான கலோரியை எண்ணெயிலிருந்து கொடுக்கணும். தினமும் வேலை வேணும், முழு நாள் அடைச்சு வைக்கக் கூடாது. ஓய்வு நாளில் தானியத்தைக் குறைக்கணும். பழைய காலத்தில் இதுக்குத் 'திங்கட்கிழமைக் காலை நோய்'னே பேர் இருந்தது. ஞாயிறு முழுக்க லாயத்தில் நின்னுக்கிட்டு முழு தானியம் தின்ன வண்டிக் குதிரை, திங்கள் காலை வண்டியில் பூட்டினதும் இறுகி நிற்கும்.

தொகுப்பாளர்: அமினோ அமிலத்துக்கு இதில் இடமே இல்லையா?

மருத்துவர்: ஒரு இடத்தில் இருக்கலாம். தசை இழைகளை வரிசையாப் பிடிச்சு வைக்கும் டெஸ்மின் என்ற புரதம் கொத்துக் கொத்தாச் சேர்ந்துபோகும் நோய் ஒண்ணு, தூர ஓட்ட அரபுக் குதிரைகளில் 2016-லும், அடுத்த வருஷம் வார்ம்பிளட் குதிரைகளிலும் விவரிக்கப்பட்டது. ஸ்டெபானி வால்பெர்க்கின் ஆய்வுக் குழு இதில் முன்னணி. அந்தக் குதிரைகளின் தசையில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைச் சமாளிக்கும் திறனில் கோளாறு இருக்கலாம்னு பார்க்கிறாங்க. உடம்பின் முக்கியமான காப்புப் பொருள் குளூட்டாதயோன். அது குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூணு அமினோ அமிலங்களால் ஆனது. அதனால சிஸ்டீன் தரும் என்-அசிட்டைல் சிஸ்டீனை, நல்ல தரமான புரதத்தோட சேர்த்துக் கொடுக்கும் முறை வந்திருக்கு. அதுவும் நோயைக் கண்டறிஞ்ச பிறகு, மருத்துவர் சொல்லி.

கூடினால் நல்லது என்ற நினைப்பு

தொகுப்பாளர்: "கொடுத்துத்தான் பார்ப்போமே, கெடுதல் என்ன?"ன்னு கேட்கிறவங்களுக்கு?

மருத்துவர்: 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒரு பெரிய போலோ போட்டிக்கு முன்னால 21 குதிரைகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. களைப்பு தீரக் கொடுத்த சத்துக் கலவையில் செலினியம் அளவு தவறாக் கூடியிருந்தது. நோயில்ல, நஞ்சு வைச்சவன் இல்ல. சத்து மருந்துதான்!

லைசினைக் கிராமில் அளக்கிறோம். செலினியத்தை மில்லிகிராமில். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு முதல் மூணு மில்லிகிராம் போதும். இப்ப தசைக்கு ஒரு டப்பா, குளம்புக்கு ஒரு டப்பா, ரத்தத்துக்கு ஒரு டப்பா, அதோட கலப்புத் தீவனம். நாலிலும் செலினியம் இருந்தா யார் கூட்டுறது? அதனால எல்லா லேபிளையும் ஒரே காகிதத்தில் எழுதிக் கூட்டுங்க. இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். வேற எந்தச் செலவும் இல்ல.

வைட்டமின் ஈ-யிலும் கவனம் வேணும், ஆனா அங்கே பிரச்சினை குறைவதுதான். பச்சைப் புல்லில் நிறைய இருக்கும், காய்ஞ்சா போயிடும். வருஷம் முழுக்கக் காய்ந்த புல்லிலேயே இருக்கும் பந்தயக் குதிரைக்கு ஒரு நாளைக்கு 1000 யூனிட் அளவில் கொடுக்க வேண்டிவரும். இயற்கை வடிவம் செயற்கையை விட நல்லா உறிஞ்சப்படும். லைசின் சரியா இருந்தும் தசை நலிஞ்சா, ரத்தத்தில் வைட்டமின் ஈ பார்க்கச் சொல்வேன்.

தொகுப்பாளர்: போட்டியில் ஓடும் குதிரைகளுக்குத் தடை மருந்துச் சிக்கல்?

மருத்துவர்: லைசின், திரியோனின் எல்லாம் சாதாரண உணவுப் பொருட்கள். சிக்கல், உள்ளே என்ன கலந்திருக்குன்னு தெரியாத டப்பாக்களில். "மூலிகைச் சக்தி", "ரகசியக் கலவை"ன்னு எழுதியிருந்தா வாங்காதீங்க. மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் வந்தா, "டப்பாவில் போடலையே"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. பொறுப்பு குதிரையை ஓட்டுறவருக்கும் பயிற்சியாளருக்கும்தான். வாங்கின ரசீதையும் டப்பாவின் தொகுதி எண்ணையும் எழுதி வைங்க.

நேயர் கேள்விகள்

தொகுப்பாளர்: கடைசியா மூணு கேள்வி, சுருக்கமா. லேபிளில் எதைப் பார்க்கணும்?

மருத்துவர்: ஒரு கரண்டியில் லைசின் எத்தனை கிராம் என்பதை. "18 அமினோ அமிலங்கள் நிறைந்தது"ன்னு இருந்தா அது விளம்பரம். சோயாவிலேயே எல்லாம் இருக்கு. கரண்டிக்கு ஒரு கிராம் லைசின்தான்னா, நாம பார்த்த அஞ்சு கிராம் குறைக்கு அஞ்சு கரண்டி வேணும். அப்பப் போய் விலையைக் கணக்குப் போடுங்க. அரைக் கிலோ சோயாவோட ஒப்பிட்டுப் பாருங்க.

தொகுப்பாளர்: எத்தனை நாளில் பலன் தெரியும்?

மருத்துவர்: ரெண்டு வாரத்தில் தெரியும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. குறைந்தது மூணு மாசம். மாசம் ஒரு தடவை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் போட்டோ எடுங்க. தினம் பார்க்கிற சைஸுக்கு மாற்றம் தெரியாது, படத்துக்குத் தெரியும். மூணு மாசத்தில் அசைவே இல்லைன்னா குறை தீவனத்தில் இல்ல. நிறுத்திட்டு வேற காரணம் தேடுங்க.

தொகுப்பாளர்: வேலை இல்லாம ஓய்வில் இருக்கும் குதிரைக்கும் கொடுக்கலாமா?

மருத்துவர்: உழைக்காத தசைக்குப் பவுடர் போட்டா சிறுநீர்தான் கூடும். ஓய்வில் இருக்கிற குதிரைக்கு நல்ல புல், உப்பு, தாது, திறந்த வெளியில் நடக்க இடம். காயம் ஆறிட்டு வர்ற குதிரை, வயதான குதிரை, வளர்ற குட்டி, இவங்க விதிவிலக்கு. இவங்களுக்கு லைசின் கணக்கைக் கட்டாயம் பாருங்க.

தொகுப்பாளர்: நேயர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நாளைக்கு லாயத்துக்குப் போனதும் புல்லையும் தானியத்தையும் தராசில் எடை போடுங்க, கண் மதிப்பு வேண்டாம். இருக்கிற எல்லா டப்பாவின் லேபிளையும் ஒரே காகிதத்தில் எழுதுங்க. மொத்த லைசினை 37-ஓடும், மொத்தச் செலினியத்தை மூணு மில்லிகிராமோடும் ஒப்பிடுங்க. உங்க குதிரையின் எடையும் வேலையும் வேறன்னா எண்ணும் மாறும், உங்க மருத்துவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டுங்க. அதுக்கு அப்புறம் கடைக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. அடுத்த பகுதியில் வெயில் காலத்தில் வியர்வையும் உப்பும் பற்றிப் பேசுவோம்.